ஆறாவது ஓட்டு

கஸ்தூரியம்மாள் ஐந்து வருடம் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தாள். அந்த ஐந்து வருடத்தில் அவள் போட்ட ஓட்டு என்று ஊரில் பேசப்படுவது ஒன்றுதான். பதவியேற்ற வாரத்தில், ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போட்ட ஓட்டு. ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்களை அனுப்புவார்கள். கவுன்சிலர்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ரகசிய ஓட்டு. யாருக்குப் போட்டாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

அவள் திராட்சைத் தோட்டத்து வேலைக்காரி. சுருளிக்குப் போகிற சாலையில் இருக்கும் ஊர். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, பழம் அறுப்பது எல்லாமே பந்தலுக்கு அடியில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு செய்கிற வேலை. அவளுடைய புருஷன் சுருளிவேல் அதே தோட்டங்களில் மருந்து அடிப்பவர். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருடம் பந்தலை அண்ணாந்து பார்த்து மருந்து அடித்தார். அடித்த மருந்தில் பாதி அவர் மேல்தான் விழுந்தது. கடைசியில் நாலு எட்டு வைத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சுருளிவேலின் தம்பி ராக்கப்பன்தான் கட்சிக்காரன். கவுன்சிலராக வேண்டும் என்று பத்து வருடமாக வெள்ளை வேட்டி கட்டியவன். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், நிற்க முடியாது. ஒரு நாள் காலையில் வந்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான்.

“மதினி, நீங்க நிக்கிறீக.”

“எங்கன?”

“தேர்தல்ல.”

அவள் சிரித்தாள். சுருளிவேல் சிரிக்கவில்லை. “நிக்கட்டும்லே. நாள் பூராம் பந்தலுக்கடியில நிக்கிறவளுக்கு இது ஒரு நிப்பா” என்றார்.

அவள் நின்றாள். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டாள். அவளுக்குக் கை வலிக்கவில்லை. “பழம் அறுக்கிற மாதிரியே ஓட்டுக் கேக்குறாடா” என்று சுருளிவேல் கட்டிலில் இருந்து சொல்லிச் சிரித்து இருமினார். ஜெயித்த அன்று மாலையோடு வந்தவளை, “வாங்க கவுன்சிலரம்மா, கஞ்சி இருக்கா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு மூச்சு முட்டியது. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் சினேகாவுக்கு ஆண்டிபட்டியில் அறுவை செய்து பெண் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவளால் வர முடியாது. கஸ்தூரியம்மாள்தான் கூட இருந்தாள். பதவியேற்பன்று அவளை அனுப்பிவைத்துவிட்டு ராக்கப்பன் அவள் இடத்தில் உட்கார்ந்தான்.

“சாயங்காலம் வந்துருவேன்” என்றாள் அவள்.

சுருளிவேல் மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு, “தலைவருக்கு ஓட்டுப் போட்டுட்டு வா” என்றார். “அதுக்குத்தான கவுன்சிலரு.”

சாயங்காலம் அவளால் வர முடியவில்லை. உறுதிமொழி வாசித்துக் கையெழுத்துப் போட்ட கையோடு ஆறு பேரை ஒரு வேனில் ஏற்றினார்கள்.

ஒன்றியத்தில் மொத்தம் பதினோரு கவுன்சிலர்கள். ஆறு பேர் வேல்பாண்டி பக்கம். ஐந்து பேர் சூரியபிரகாஷ் பக்கம். வேல்பாண்டி அந்த ஆறில் ஒருவர். செங்கல் சூளை வைத்திருப்பவர், தடித்த சரீரம். ஓட்டு நடக்கிற நாள் வரைக்கும் ஆறும் ஆறாகவே இருக்க வேண்டும். அதற்காகக் குமுளியில் ஒரு லாட்ஜ் பிடித்திருந்தார். இது வழக்கம்தான். அந்தப் பக்கத்து ஐந்து பேரும் அந்நேரம் கொடைக்கானல் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வேன் மலையேறுவதற்கு முன் அடிவாரத்தில் கருப்பசாமி கோயிலில் நின்றது. ஒரு தட்டில் சூடம் கொளுத்தினார்கள். வேல்பாண்டியும் இன்னொரு ஆண் கவுன்சிலரும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மீதி நாலு பேரும் பெண்கள். அவர்கள் தாலியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொல்ல வேண்டும். இளையவளான யுவராணி முதலில் சொன்னாள். வேனை ஓட்டிவந்த ஜேசுராஜ் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“ஜேசுராஜ் அண்ணே, நீங்க பண்ணலயா?” என்றாள் யுவராணி.

“எனக்கு ஓட்டு இல்ல தாயி. இருந்தா ரெண்டு சாமி மேலயும் பண்ணுவேன்.”

சிரித்தார்கள். கஸ்தூரியம்மாள் முறை வந்தது. அவள் தாலியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா யோசனை?” என்றார் வேல்பாண்டி.

“அவுக ஆஸ்பத்திரில கெடக்காகண்ணே. அவுக உசுர எதுக்கு இதுல இழுக்கணும். என் கண்ணு மேல பண்றேன். கண்ணு அவிஞ்சு போகட்டும்.”

“மாத்திப் போடுற நெனப்பு இருக்கிறவுகதேன் பயப்படணும்.”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தாலியைக் கண்ணில் ஒற்றி, “என் தாலி மேல ஆணையா வேல்பாண்டி அண்ணனுக்குத்தேன் போடுவேன்” என்றாள். குரல் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

லாட்ஜில் செல்போன்களை ஒரு பையில் போட்டு ஜேசுராஜ் வாங்கிக்கொண்டான். பெண்களுக்கு ஓர் அறை. சன்னலுக்கு வெளியே எப்போதும் பஞ்சு மாதிரி மூடுபனி. மற்றவர்கள் ஏரியில் படகு விட்டார்கள், ஏலக்காயும் சிப்ஸும் வாங்கினார்கள். கஸ்தூரியம்மாள் எங்கேயும் போகவில்லை. லாட்ஜ்காரப் பெண், “சேச்சி, சாயா வேணோ?” என்று கேட்டுக் கேட்டு, கேட்காமலேயே கொண்டுவந்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஜேசுராஜ் தன் போனில் ராக்கப்பனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டுவான்.

“எப்படி இருக்காக?”

“நல்லா இருக்காக மதினி. இட்லி திண்டாக.”

“அவுககிட்டக் குடு.”

“குழா மாட்டியிருக்கு. பேசக் கூடாதுன்னு நர்சம்மா சொல்றாக.”

மூன்றாம் நாள் அவள் வேல்பாண்டியிடம் போய் நின்றாள். “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேண்ணே. ஜேசுராஜையே கூட அனுப்புங்க. பாத்த கையோட திரும்பிருவேன்.”

“தேனி ஆஸ்பத்திரி வாசல்ல அவன் ஆளு நாலு பேரு நிக்கிறான்மா. உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டான்னா? ஓட்டுப் போட்ட அடுத்த நிமிசம் நானே கார்ல கொண்டுபோயி விடுறேன்.”

அவள் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் அவள் மனசில் ஒரு எண்ணம் பதிந்துபோயிற்று. தாலி மேல் சொல்லியாகிவிட்டது. சொன்னபடி ஓட்டைப் போட்டுவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. போட்டு முடிக்கிறவரை அவர் எப்படியும் இருப்பார். சத்தியம் அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டு நாளன்று காலையில் ஜேசுராஜ் போனைக் கொண்டுவரவில்லை. டவர் கிடைக்கவில்லை என்றான். பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை வந்திருந்தது. குமுளிச் சந்தையில் வாங்கிய மல்லிகைப் பூவை யுவராணி முழம் போட்டு வெட்டினாள். நாலு துண்டு. தன் துண்டையும் கஸ்தூரியம்மாள் துண்டோடு சேர்த்து அவள் தலையில் வைத்தாள்.

“எதுக்குத்தா ரெண்டையும் எனக்கு வைக்கிற? உனக்கு?”

“வச்சுக்கங்கக்கா. எனக்கென்ன, நாளைக்கும் இருக்கு.”

யுவராணி அவளுக்குக் குங்குமமும் வைத்துவிட்டாள். பெரிதாக வைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இவ்வளவு நேரமாகக் குளிக்கிறாளே, குளித்துச் சேலை கட்டிய பிள்ளை மறுபடியும் ஏன் குளிக்கிறாள் என்று கஸ்தூரியம்மாள் நினைத்தாள்.

ஒன்றிய அலுவலக வாசலில் போலீஸ் நின்றது. அந்த ஐந்து பேர் ஒரு பக்கம், இந்த ஆறு பேர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அதிகாரி விதிகளை வாசித்தார். வேல்பாண்டி பெயரும் சூரியபிரகாஷ் பெயரும் மட்டும் முன்மொழியப்பட்டன. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூலையில் ஒரு மேசை, அதைச் சுற்றித் துணி மறைப்பு. சீட்டில் இரண்டு பெயர். அங்கே வைத்திருந்த பேனாவால் ஒரு பெயருக்கு நேராகக் குறி போட்டு, மடித்து, வெளியே இருக்கும் பெட்டியில் போட வேண்டும்.

கஸ்தூரியம்மாள் மறைப்புக்குள் போனாள். இடது கையால் தாலியைப் பிடித்துக்கொண்டாள். வேல்பாண்டி என்ற பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். குறி போட்டாள். மை கோட்டைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டாள். மடிக்கும்போது, ‘போட்டாச்சு, எந்திரிச்சு உக்காருங்க’ என்று மனசுக்குள் அவரிடம் சொன்னாள். பெட்டிக்குள் சீட்டு விழுந்தபோது ஐந்து நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

எண்ணினார்கள். சூரியபிரகாஷ் ஆறு. வேல்பாண்டி ஐந்து.

அதிகாரி இன்னொரு முறை எண்ணினார். ஆறு, ஐந்து. வெளியே வெடி போட்டார்கள். வேல்பாண்டி நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. தன் பக்கத்து ஆட்களின் முகத்தை வரிசையாகப் பார்த்தார். அவருடைய பார்வை கஸ்தூரியம்மாளிடம் வந்து நின்றது. பிறகு எழுந்து போனார். அவர் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஜேசுராஜ்தான் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தான். அவள் ஏறியதும், “நேரா ஆஸ்பத்திரிக்கு விடுண்ணே” என்றாள்.

“வீட்டுக்குப் போவோம்மா. அங்கன கொண்டுவந்துட்டாகளாம்.”

“டிஸ்சார்ஜா?”

ஜேசுராஜ் கியரை மாற்றினான்.

தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. ராக்கப்பன் ஊருக்குப் போன் செய்து, அண்ணன் பதினோரு மணிக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தான். அதே நேரத்தில் ஒன்றியத்தில் சீட்டு எண்ணி முடித்திருந்தார்கள். ஒன்றியச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்ததும், சாவுச் செய்தி வந்து சேர்ந்ததும் ஒரே நேரத்தில்தான். இரண்டையும் சேர்த்து வைத்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது.

தலை நிறையப் பூவோடு, புதுச் சேலையோடு, பெரிய குங்குமத்தோடு கஸ்தூரியம்மாள் ஜீப்பில் இருந்து இறங்கினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். சுருளிவேலின் தங்கை சந்தனம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை வேறு மாதிரி எடுத்தாள்.

“சூடம் அணையலயே சொன்ன சொல்லு ஆறலையே
வச்ச பூ வாடலையே வாசம் இன்னும் போகலையே
மாத்தித்தான் போட்டியளோ மகராசன் உசுரெடுத்து…”

ஒப்பாரியில் சொல்லப்படுவதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கஸ்தூரியம்மாளுக்கு முதலில் அது காதிலேயே ஏறவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கை மடங்கவில்லை. மரக்கிளை மாதிரி இருந்தது. விரலைப் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. பதினோரு மணிக்குப் போனவர் உடம்பா இது என்று அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து ராக்கப்பனைப் பார்த்தாள். அவன் கொட்டுக்காரர்களிடம் ஏதோ சொல்லப் போவதுபோல எழுந்து போனான்.

காலையில் தண்ணீர் விழுந்த சத்தம் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த யுவராணி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “விடியறதுக்கு முன்னாடியே போன் வந்துருச்சுக்கா. ஜேசுராஜ் அண்ணன் மாடில நின்னு பேசுனாக, நான் கேட்டுட்டேன். சொன்னா என்னை ஊருக்கே அனுப்ப மாட்டேன்னு வேல்பாண்டி அண்ணன் சொன்னாக. சொல்லிட்டா நீங்க ஓட்டுக்கு நிக்க மாட்டீகளாம். நின்னாலும் தாலிச் சத்தியம் செல்லாதாம்.” பூவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“இத வந்து எம் மகட்டச் சொல்லு.”

யுவராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என் வீட்டுக்காரருட்டக் கேட்டுட்டுச் சொல்றேங்கா.”

பிறகு அவள் வரவேயில்லை. அடுத்த வருடம் அவளுடைய வீட்டுக்காரர் ஒன்றியத்தில் சிமெண்ட் ரோடு வேலை எடுத்தார். புது புல்லட்டில் ஊருக்குள் வந்து போனார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சினேகா கைக்குழந்தையோடு வந்தாள். அம்மாவின் தாலியைக் கழற்றும்போது அவள் அங்கே நிற்கவில்லை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரியம்மாள் போய்க் குழந்தைக்குக் கையை நீட்டினாள்.

“தொடாத” என்றாள் சினேகா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“நான் சொன்னபடிதேன் போட்டேன்டி.”

“அன்னைக்குச் சத்தியம் பண்ணயிலயே தயங்குனியாம்ல.”

“அவுக ஒடம்புக்காகத் தயங்குனேன்.”

“நாலு பேரு தாலில அடிச்சுச் சொன்னாக. மத்த மூணு பேரு புருசனும் நல்லாத்தான இருக்காக.”

ஊரின் கணக்கும் அதுதான். வேல்பாண்டிக்கு இரண்டு பையன்கள், அவருடன் சூடம் அடித்தவருக்கு ஒரு பெண், எல்லோரும் நன்றாக இருந்தார்கள். மூன்று பெண்களின் புருஷன்மார் நன்றாக இருந்தார்கள். ஆறு பேரில் ஒரு வீட்டில்தான் பிணம் விழுந்தது. ஓட்டுப் பெட்டி சொல்லாததைச் சாமி சொல்லிவிட்டது என்று டீக்கடையில் பேசினார்கள். அவர் ஓட்டுக்கு முன்னாலேயே செத்தவர் என்று தெரிந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அதை மறைத்தவர்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு ராக்கப்பன் வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

“இப்பச் சொன்னா என்னை ஊர்ல வாழ விட மாட்டாக மதினி. அண்ணன் பொணத்த வச்சுக்கிட்டு ஓட்டுக்குக் காத்திருந்தான்னு காறித் துப்புவாக. வேல்பாண்டிதேன் பதினோரு மணி வரைக்கும் வாயத் தெறக்காதன்னாரு. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் ஆறட்டும். சினேகாட்ட நானே சொல்றேன்.”

“சொல்லுவியா?”

“சொல்றேன்.”

இந்தச் சொல்லை அவன் எதன் மேலும் அடித்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் ஒன்றியக் கூட்டங்களுக்குப் போனாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்து தீர்மானங்களில் கையெழுத்துப் போட்டாள். வேல்பாண்டி அவள் இருக்கும் பக்கம் திரும்ப மாட்டார். தலைவர் சூரியபிரகாஷ் அவளைக் கண்டால் எழுந்து கும்பிடுவார். முதல் நிதியிலேயே அவள் வார்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒதுக்கினார். திறப்புவிழாவில் மைக்கில் சொன்னார்: “அம்மா செஞ்ச உதவியை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

விழா முடிந்ததும் அவள் அவரிடம் போனாள்.

“தம்பி, நான் உங்களுக்குப் போடல. வேல்பாண்டிக்குத்தேன் போட்டேன்.”

சூரியபிரகாஷ் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெரியும்மா. தெரியும். வெளிய அப்படித்தான் சொல்லணும்.”

“நெசமாத்தேன் சொல்றேன்.”

“எனக்குத் தெரியாதாம்மா” என்றார் அவர், கண்ணைச் சிமிட்டி.

தொட்டியில் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் அவளைப் பார்த்தால் குடத்தை நகர்த்தி வழி விடுவார்கள். பேச மாட்டார்கள். கவுன்சிலர் என்பதால் வேலைக்குக் கூப்பிடாமல் இருந்த தோட்டக்காரர்கள் பிறகு கூப்பிட்டார்கள். அவள் பழையபடி பந்தலுக்கு அடியில் போய் நின்றாள். கூட்டம் இருக்கிற நாளில் மட்டும் வேலைக்கு வர மாட்டாள்.

ராக்கப்பன் சொல்லவில்லை. முதலில் சிவராத்திரி போகட்டும் என்றான். பிறகு கொரோனா வந்தது, வீட்டுக்கு வீடு சாவு, இந்த நேரத்திலா என்றான். பிறகு அவள் கேட்பதை விட்டாள். அவனும் அந்தத் தெரு வழியாக வருவதை விட்டான். சினேகா அப்பாவின் திதிக்கு வருடாவருடம் சுருளித் தீர்த்தத்துக்கு வருவாள். சித்தப்பா வீட்டில் இறங்கி, சித்தப்பாவோடு போய், சித்தப்பா வீட்டில் இருந்தே பஸ் ஏறிவிடுவாள். அம்மா அங்கே வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பேத்தியின் பெயர் ஓவியா என்பதே அவளுக்கு மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரியும்.

பதவிக்காலம் முடிந்தது. கவுன்சிலர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த மாதமே ஐந்தாவது திதி. கஸ்தூரியம்மாள் ஒரு பையில் பன்னீர் திராட்சையைக் கட்டிக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினாள்.

சினேகா கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கஸ்தூரியம்மாள் தானாக உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். தறிச் சத்தம் பக்கத்து வீட்டில் இருந்து வந்துகொண்டிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது.

“திதிக்கு நானும் வாரேன்டி. தள்ளி நின்னுக்கிர்றேன்.”

“வேணாம்.”

“உங்கப்பா விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நான் ஓட்டுப் போடுறப்ப அவரு உசுரோட இல்ல. எனக்கு மறைச்சுட்டாக.”

சினேகா அடுப்படியில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

“யாரு மறைச்சா?”

“உன் சித்தப்பனுக்குத் தெரியும்.”

“அஞ்சு வருசமாச் சொல்லாம இப்ப வந்து சொல்ற.”

“அவன் சொல்லுவான்னு இருந்தேன்.”

சினேகா போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். கஸ்தூரியம்மாள் எழுந்து நின்றுகொண்டாள்.

“சித்தப்பா.”

“சொல்லு ஆத்தா. திங்கக்கிழமை காலையில வந்துர்றியா?”

“வாரேன். ஒண்ணு கேக்கணும். அப்பா எத்தன மணிக்குப் போனாக?”

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கடந்து போவது கேட்டது.

“ஏன் இப்பக் கேக்குற?”

“சொல்லுங்க.”

“யாரும் வந்திருக்காகளா அங்கன?”

“அம்மா வந்திருக்கு.”

கஸ்தூரியம்மாள் போன் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு மணிக்குத்தேன் தாயி” என்றான் ராக்கப்பன்.

சினேகா போனை அணைத்தாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று நின்றாள். கஸ்தூரியம்மாள் பையைப் பிரித்துத் திராட்சையை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். உதிர்ந்த பழங்களைத் தனியாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பிள்ளைக்குக் கழுவிக் குடு. மருந்து அடிச்சது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். கவாத்து முடிந்த தோட்டம். பந்தலில் இலையே இல்லை, வெயில் நேராகத் தலையில் இறங்கியது. சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசலில் ராக்கப்பன் நின்றுகொண்டிருந்தான். தலை இன்னும் ஈரமாக இருந்தது. கையில் இலைப் பொட்டலம். திதிச் சோறு.

அவள் பூட்டைத் திறந்தாள். அவன் உள்ளே வரவில்லை.

“எனக்கும் வீட்டுல பொண்ணு கட்டிக் குடுக்க இருக்கு மதினி. ஒரு வார்த்தை சொன்னா…”

“நான் உன்ட ஒண்ணும் கேக்கல.”

அவன் பொட்டலத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதை வாசல்படியில் வைத்துவிட்டு நின்றான். அவள்தான் பேசினாள்.

“அவுக கடைசியா என்ன சொன்னாக? இத யாரும் இதுவரைக்கும் எனக்குச் சொல்லல.”

ராக்கப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “முழிச்சாக. கவுன்சிலரம்மா ஓட்டுப் போட்டுட்டாளான்னு கேட்டாக. அப்ப இன்னும் விடியவே இல்ல. போட்டாச்சுண்ணே, வந்துக்கிட்டிருக்காகன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“யாருக்குப் போட்டான்னு கேட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“வேல்பாண்டிக்குத்தேன், வேற யாருக்குன்னேன்.” அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். “தெரியும்னாக. அதுக்கப்புறம் பேசல.”

“தெரியும்னா சொன்னாக?”

“ஆமா மதினி.”

அவள் அதை அவனிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். அவள் குனிந்து படியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

“சரி, நீ போ” என்றாள்.

அவன் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். எள் கலந்த சோறு ஆறிக் கெட்டியாகியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து சாப்பிட்டாள்.